வினைமுற்று

நிருபம் லாகிரியை நான் முதலில் அறிந்தது
முத்திரை அளவு ஒரு படமாக.
கரக்பூர் ரயில்வே கணக்கரின் மகன்,
டில்லியில் விரிவுரையாளர், கறுத்த மீசை,
வாரம் ஒரு கட்டுரை, எண்ணூறு சொல்.
நான் கஸ்தூரியார் வீதிப் பத்திரிகைக் கந்தோரில்
அவரைத் தமிழாக்குகிறவள்.
சம்பளத்துக்கு ஒரு சைக்கிள் ரியூப் வாங்கலாம்.
மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கேலாது.

கட்டுரை கொழும்பு வந்து, வவுனியாவில் பிரிபட்டு,
ஆரோ ஒரு நோயாளியின் மருந்துப் பையோடு
கிளாலிக் கடல் தாண்டி வரும்,
மூன்று கிழமை பிந்தி.
‘பேச்சுவார்த்தை முறியாது’ என்று எழுதியிருப்பார்;
இங்கே முறிந்து, குண்டு விழுந்து,
எட்டுச்செலவும் முடிந்திருக்கும்.
ஜாம் போத்தல் விளக்கடியில்
நடந்து முடிந்ததை எதிர்காலத்தில் எழுதுவேன்.
கோடு போட்ட கொப்பித்தாளில் அது அச்சாகும்.

வினைமுற்றுத்தான் கஷ்டம்.
அவர் தன் மொழியில்
ஒரு சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒளியலாம்.
தமிழில் வசனம் முடிகிற இடத்தில்
ஆள் பிடிபடுவான்.

திருத்தங்கள் செய்தேன், ஓம்.
பண்ணையை ஆறு என்பார், கடலாக்கினேன்.
ஊர்காவற்றுறையை மன்னாருக்குக் கீழே வைத்தார்,
தூக்கி அதன் இடத்தில் வைத்தேன்.
ஒருமுறை பதினொரு கிழமை கட்டுரை இல்லை.
அரசாங்கம் ஏதோ குழுவில் போட்டதாம்.
திரும்பி வந்தபோது படத்தில் மீசை இல்லை,
‘வேண்டும்’ என்று முடிந்த வசனமெல்லாம்
‘பரிசீலிக்கலாம்’ என்று முடிந்தன.
அதை அப்படியே போட்டேன்.
அது அவர் பாடு.

அந்த ஆவணியில் வந்த கட்டுரை:
மாரி முடியும்வரை இராணுவம் நகருக்கு வராது.
காரணங்கள் ஆறு. அழகான காரணங்கள்.
கூரைக்கு மேலே புக்காரா சுற்றிக்கொண்டிருந்தது.
அழிறப்பரை எடுத்தேன்.
மூன்று எழுத்தை அழித்து ஆறு எழுத்து:
வரக்கூடும்.
காரணங்களைத் தொடவில்லை.
அவை தலைகீழாக நின்றும் பொருந்தின.

ஐப்பசியில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.
மழை, நாவற்குழிப் பாலம்,
ஊர் முழுக்க ஒரே திசையில்.

ஓய்வு பெற்று,
தொலைக்காட்சி விவாதங்களில் கத்தத் தெரியாததால்
அழைப்புகளும் நின்று,
நாலாவது புத்தகத்தோடு இப்போது யாழ்ப்பாணம் வந்திருக்கிறார்.
மண்டபத்தில் நூற்றுச் சொச்சம் பேர்.
மேடையில் பக்கத்துக் கதிரையில் நான்.
கேள்வி நேரத்தில்
ஏழாலைப் புகையிலை வியாபாரி அருளம்பலம்
ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு எழும்பினார்.
“ஐயா, நீங்கள் எழுதினதை வாசிச்சுத்தான்
என்ர தாயை ஒரு மாதம் முந்தியே
மீசாலைக்கு ஏத்தினனான்.
பாயோட கிடந்த மனிசி.
அண்டைக்கு அந்தச் சனத்துக்குள்ள எண்டால்…”
முடிக்கவில்லை. சபை கைதட்டியது.
நான் தொடாமல் விட்ட
முந்தைய ‘வராது’களை நம்பியவர்கள்
ஒருவரும் எழும்பவில்லை.

ஒரு சொல் கூட்டாமல் அவருக்குச் சொன்னேன்.
என்னைப் பார்த்தார்.
ஆறு காரணங்களும் ஒவ்வொன்றாக
நெற்றியில் வந்து போயின.
பிறகு ஒலிவாங்கிக்குக் குனிந்து,
சான்றுகளைப் பார்த்தேன், அவ்வளவுதான் என்றார்.
அதைத் தமிழில் சொன்னேன்.
அதற்கும் கைதட்டல்.

பண்ணைப் பாலத்தால் வாகனம் போனபோது
யன்னலை இறக்கினார்.
முழங்கால் தண்ணீரில் ஆரோ வலை இழுத்தார்கள்.
“நான் வராது என்றல்லவா எழுதினேன்?”
“ஓம்.”
கனநேரம் பேசவில்லை.
“வேறு எத்தனை இடத்தில்?”
நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.
அதற்குள் அவர் வெளியே கையைக் காட்டி,
“இந்த ஆற்றுக்கு என்ன பெயர்?” என்றார்.