முன்னிருப்பு

பெங்களூரா வரத்து தொடங்க நாலு நாள் இருக்கும்போது
பதினோரு புதுக் கணினிகள் வந்திறங்கின
காவேரிப்பட்டினம் மாங்கூழ் ஆலைக்கு.
பெட்டிகளைப் பிரித்த ஓசூர்ப் பையன் நாகேந்திரா
சிரித்துக்கொண்டே சொன்னான்:
"தூரத்துல இருந்து உள்ள வர்ற வழி எல்லாத்துலயும் ஆன்லயே இருக்குது மேடம்.
கம்பெனியே அப்படித்தான் அனுப்புறாங்க.
வீட்ல படுத்துக்கிட்டே வேலை பாக்கலாம்."

முன்னிருப்பு என்று அதற்குத் தமிழில் பேர்.
எனக்கு முன்னால் யாரோ
அந்த நாற்காலியில் இருந்துவிட்டு
சூடு ஆறுவதற்குள் எழுந்து போனதுபோல் ஒரு சொல்.
வேண்டும் என்று நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
இரண்டுக்கும் நடுவில் கதவு திறந்திருந்தது.

வரத்து தொடங்கி ஒரு வாரம் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தேன்.
இரவு ஒன்று பதினேழிலிருந்து விடியும்வரை
நாலாயிரத்துச் சொச்சம் தட்டல்.
அட்மின். ரூட். டெஸ்ட். அட்மின். கெஸ்ட். மறுபடி அட்மின்.
எந்த நாட்டிலோ தூங்காத ஓர் எந்திரம்
எங்கள் ஊர்ப் பேர் தெரியாமல்
எல்லாப் பேரையும் சொல்லிப் பார்த்திருக்கிறது.
கடன்காரன் தட்டுவது போலக்கூட இல்லை,
கடன்காரனுக்கு ஆளைத் தெரியும்.

எடைமேடைக் கணினியின் கடவுச்சொல்லை
மாதப்பன் சுவரில் எழுதி வைத்திருந்தார், சாக்பீஸில்,
லாரி நம்பருக்கும் டீக்கணக்குக்கும் நடுவில்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு.
அந்தத் திரையில்தான்
போச்சம்பள்ளி முனிரத்தினத்தின் பதினொன்றரை டன்
பதினொன்றரை டன்னாகவே இருக்கிறது.
கலைக்க ஓர் இலக்கம் போதும்.

தட்டல்களுக்கு நடுவே ஒரே ஒரு வரி:
அனுமதிக்கப்பட்டது. ஞாயிறு இரவு பத்து நாற்பது.
கை சில்லிட்டது.
எங்கிருந்து என்று தேடினேன். பழையபேட்டை.
என் வீடு.
மகளுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி.
ஒரு கையால் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே
மறு கையால் ரசீதில் ஓர் எண்ணைத் திருத்தியது
நான்தான்.

ஆனாலும் மூடினேன். பதினொன்றையும்.
எனக்கு வேண்டுமென்றால் திறந்துகொள்வேன், திறக்கத் தெரியும்.
மாதப்பனுக்கு மூடத் தெரியாது.
திறந்திருக்கிறது என்பதே தெரியாது.
இதற்குமேல் என்னிடம் வாதம் இல்லை.

ஜூன் பதினாறு, இரவு ஒன்றரை, மழை.
எடைமேடைத் திரை உறைந்துவிட்டது என்று போன்.
வாசலில் பதினாலு லாரி,
தார்ப்பாய்க்கு அடியில் பழம் கசியத் தொடங்கிவிட்டதாம்,
டிரைவர்கள் என் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டார்களாம்.

ஸ்கூட்டி இரண்டாவது உதையில் கிளம்பியது.
பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
தென்பெண்ணைப் பாலத்தில் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.
வழியெல்லாம் நாகேந்திரா பின்சீட்டில் வந்தான்:
படுத்துக்கிட்டே மேடம், படுத்துக்கிட்டே.

ஆலையின் கேட் விரியத் திறந்து கிடந்தது.
காற்றில் சாத்திக்கொள்ளாதிருக்க அடியில் ஒரு செங்கல்.
பூட்டு கொக்கியில், சாவி பூட்டில்.

இரண்டு வரி தட்டினேன்.
மெத்தையிலிருந்தே தட்டியிருக்கக்கூடிய இரண்டு வரி.
திரைக்கு உயிர் வந்தது.
"இதுக்கா மேடம் இந்த மழையில" என்றார் மாதப்பன்,
தலை துவட்ட ஆலைத் துண்டை நீட்டி.
துண்டு முழுக்கப் பழவாசம்.
சுவரில் பழைய எண்களை அழித்திருந்தார்.
காலண்டருக்குப் பின்னால் என் கண் போனது,
நான் திருப்பிப் பார்க்கவில்லை.

கிளம்பும்முன் பழக்கதோஷத்தில் பதிவேட்டைத் திறந்தேன்.
வெற்றுப் பக்கம்.
மூடிய கதவு தட்டலை எழுதி வைப்பதில்லை.
வந்தார்களா, நின்றார்களா, அடுத்த வீட்டுக்குப் போனார்களா
எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

முதல் லாரி மேடையில் ஏறியது.
எண் கொஞ்ச நேரம் ஆடி
நின்றது.