கோட்டுடன் அளந்தது

மேசையில் இரண்டு தாள்கள்.
ஒன்று கம்பெனியின் தனிப்பட்டறை அனுப்பியது.
வழுவழு அட்டை. பதினான்காம் பக்கத்தில்
வால்நட் கட்டை, மேப்பிள் கட்டை, சாம்பல்நிற நார்க்கட்டை.
கட்டங்களில் டிக் அடித்தால் போதும்.
நூறு கஜத்தில் மூன்று குண்டும்
ஒரு சென்ட் காசுக்குள் அடங்குமென்று
கையெழுத்திட்ட உத்தரவாதம்.
ஏழு மாதம்.

மற்றது
மாட்டுத்தீவன ரசீதின் பின்பக்கம்.
ஷாபியேர் உரியார்ட்டே பென்சிலால் எழுதியது.
தொகைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
தேதிக்குப் பக்கத்தில் இரண்டு.

விலையில் பெரிய வித்தியாசமில்லை.
குதிரை டிரெய்லரை விற்ற பணம்
இரண்டில் எதையும் தாங்கும்,
இரண்டையும் தாங்காது.

டோயல் சொன்னான்:
"கம்பெனிப் பெயர் பொறித்த ரைஃபிள்
என்றைக்கும் விலை போகும்.
உன் கைக்கென்று செய்ததை
உனக்குப் பிறகு யார் வாங்குவார்?"
எனக்குப் பிறகு
அது என் கவலை இல்லையே என்றேன்.
அடுப்பை அணைத்துவிட்டு
நாய்க்குத் தீனி வைக்கப் போனான்.

சிக்கல் என் கையில்.
வைக்கோல் கட்டும் எந்திரம்
வலது ஆள்காட்டி விரலை வாங்கிக்கொண்டு
பதினோரு வருஷம்.
அன்றிலிருந்து இடது தோளில் வைத்துச் சுடுகிறேன்.
கண் மட்டும் தோளோடு வரவில்லை.
வலதுதான் குறிபார்க்கும், அதே பிடிவாதம்.
கழுத்தை ஒடித்து, கன்னத்தைக் கட்டைக்கு மேலே தள்ளி,
மீன் பார்க்கும் கொக்கு மாதிரி.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
ரொவேனா என்றொரு பெண். சிரித்த குரல்.
இடது கையா, கூடுதல் கட்டணம் இல்லை என்றாள்.
இடது கை, வலது கண் என்றேன்.
எதையோ தட்டினாள். நிறுத்தினாள்.
"அதற்குக் கட்டம் இல்லையே, மேடம்."
அவள்மேல் தப்பில்லை.
கடையில் கையுறையும் அப்படித்தான்,
பத்து விரலுக்கும் சேர்த்தே விற்கிறார்கள்.

உரியார்ட்டேயின் கொட்டகை
சால்மன் ஊரைத் தாண்டி, லெம்ஹை ஆற்றோரம்.
இரும்புத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் மணத்தன.
முழங்கை மடிப்பில் நாடாவை வைத்து
விரல்நுனி வரை இழுத்தான்.
கல்யாண கவுனுக்குப் பிறகு
என்னை யாரும் அளந்ததில்லை.
பதின்மூன்றே கால் அங்குலம்.
எழுதப்போனவன் பென்சிலைத் தூக்கினான்.
"வேட்டைக்கு எந்தக் கோட்டு?"
"கம்பளி. பழுப்பு. ரெண்டு ஸ்வெட்டருக்கு மேலே."
"எடுத்து வா."

நாற்பது மைல் போய், நாற்பது மைல் திரும்பினேன்.
ஆகஸ்ட். தொண்ணூற்றாறு டிகிரி.
கோட்டுக்குள் வேர்த்து நின்றவளை
மறுபடி அளந்தான்.
பன்னிரண்டரை.
"முக்கால் அங்குலம் குளிருக்கு" என்றான்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன்,
அவனுடைய ரைஃபிளை.
கம்பெனிச் சரக்கு. கடையில் தொங்கியதை வாங்கியது.
விலைச்சீட்டின் பசைகூட முழுசாய்ப் போகவில்லை.
"உனக்கென்று ஒன்று செய்துகொள்ளவில்லையா?"
"வரிசையில் இருக்கிறேன்.
உனக்கு அடுத்த ஆள்."
சிரிக்கவில்லை அவன்.

பத்தொன்பது மாதம் ஆகலாம்.
குழல் வந்து சேர்வது தன் கையில் இல்லையாம்.
குறி தப்பினால்?
"திருப்பிக் கொண்டு வா."
எழுதித் தருவாயா?
"தரலாம். என் கையெழுத்துதான்
எனக்கே புரியாது."

இந்த வருஷக் குலுக்கலில் எல்க் அனுமதி விழவில்லை.
அடுத்த வருஷம் விழுமென்று யார் கண்டது.
அப்படியென்ன அவசரம் என்று
என்னையே கேட்டுக்கொண்டு
வண்டியின் பானெட்டில் வைத்து செக் எழுதினேன்.
இடது கை எழுதினால்
எழுத்தின் மேலேயே கை ஊர்ந்து போகும்.
அவன் பெயரின் கடைசி எழுத்து
தொகை வரைக்கும் நீலமாய் இழுபட்டது.
பேங்க் எடுத்துக்கொள்ளுமா என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தால் போனில் ரொவேனா.
"பட்டறைக்குள் போய் நானே கேட்டேன், மேடம்.
ஒருவர் இருக்கிறார், செய்து தருவாராம்.
கன்னம் எங்கே படுகிறதென்று
ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள்."

இரண்டு தடவை கேட்டேன்.
மூன்றாம் தடவை
டோயல் வாசலில் வந்து நின்று
"வேர்க்கலையா?" என்றான்.
கோட்டை இன்னும்
கழற்றியிருக்கவில்லை நான்.