ஆமாங்க

நெஞ்சு வலிக்குதுங்களா?
ஆமாங்க.
எத்தனை மணியிலிருந்து?
ஆமாங்க.
டாக்டர் குரலை ஏற்றினார்.
மூன்றாம் கட்டில் வயிற்றுவலிக்காரர்
எழுந்து உட்கார்ந்துகொண்டார்,
வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.
உங்க பேர் என்னங்க?
ஆமாங்க.

பள்ளிபாளையம், இரவு இரண்டு மணி.
ஆட்டோவில் தூக்கிவந்த பையன்
'அர்த்தநாரிங்க, எங்க பட்டறைதானுங்க' என்றதோடு சரி,
திரும்ப ஓடிவிட்டான்.
தறி ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

சட்டையைக் கத்தரித்தோம். பஞ்சு பறந்தது.
ஈசிஜி தாள் நீளமாக வந்து கெட்ட சேதி சொன்னது.
ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி
டாக்டர் கையில் தயார்.
தலையில் அடி, ஆபரேஷன், கசிவு
ஏதாவது உண்டுங்களா?
முகக்கவசத்துக்கு மேலிருந்த இரண்டு கண்களுக்கு
பணிவாக ஒரு
ஆமாங்க.

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?
பேரைக் கேட்டதற்கு வந்ததும்
இதே ஆமாங்கதான்.

அப்போதுதான் எங்கோ கீச்சென்று.
மானிட்டரைத் தட்டினேன்.
ஆக்சிஜன் மூடியைத் திருகிப் பார்த்தார்கள்.
கட்டிலுக்கடியில்
அவர் துணிமணியை முடிந்துவைத்த பாலிதீன் பைக்குள்,
கத்தரித்த சட்டையின் ஜோபியில்,
அவரைக்கொட்டை அளவில் ஒரு காது
தனியே கிடந்து கூவிக்கொண்டிருந்தது.

துடைத்து மாட்டினேன். சரியாக உட்காரவில்லை.
கவசத்தைத் தாடைக்கு இழுத்துவிட்டு
விளக்கு என் முகத்தில் விழுகிற பக்கம்
சுற்றிப்போய் நின்றேன்.

எங்கள் வீட்டிலும் நாலு தறி.
அத்தனை இரைச்சலுக்கு அந்தப் பக்கமிருந்து
சோறு தின்னியா என்று அம்மா கேட்பாள்,
சத்தமே போடாமல்,
உதட்டால் மட்டும்.
அந்த வாயை வைத்துக்கொண்டு கேட்டேன்,
என் மண்டையைத் தொட்டுக் காட்டி.

என் வாயையே பார்த்தார்.
ஆமாங்க வரவில்லை.
'ஆடி பொறக்கறதுக்கு முந்தி
கோயமுத்தூர்ல மண்டையத் தொறந்தாங்க.
உள்ள ரத்தம் கட்டியிருந்துச்சு.
ரெண்டு மாசங்கூட ஆகலீங்களே.'

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.
டங்கென்ற அந்தச் சத்தம்
எங்களுக்கு மட்டும் கேட்டது.

பெருந்துறைக்குப் பேசி, வண்டிக்குச் சொல்லி,
வருவதற்குள் பிளாஸ்திரி கிழித்து
ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி
மார்பில் ஒட்டினேன்:
காது கேட்காது. முகம் காட்டிப் பேசவும்.

தாடையை இடுக்கித் தலைகீழாகவே படித்தார்.
'கேக்காதுன்னு போடாதீங்க சிஸ்டர்.
கொஞ்சம் மந்தம்னு போடுங்க.'

வண்டி வாசலில் நின்றிருந்தது.
அடித்து எழுதினேன்.