ஏழு நிமிடம்

ஹவல்லிக் கடைக்காரர் முதலில் கேட்டது
எத்தனை வாட் என்று.
கம்ப்யூட்டர் நூற்றெண்பது, மானிட்டர் முப்பது,
ரவுட்டர் பத்து:
மளிகைச் சீட்டு போல வாசித்தேன்.
"லேசர் பிரின்டரை மட்டும் இதில் சொருகாதீங்க."
சத்தியம் வாங்குகிற குரல்.

டாக்ஸியில் மடியில் வைத்து வந்தேன்.
ஏழு கிலோ ஈயம்.

ஜலீபில் ஆகஸ்ட் மதியம் கரன்ட் போனால்
ஏசி ஒரு பெருமூச்சோடு அடங்கும்.
மேசைக்கடியில் இது மட்டும்
பீப் பீப் என்று கணக்குக் கேட்கும்.
கிடங்கின் இருப்புப் பட்டியலைச் சேவ் செய்ய
ஒரு நிமிடம்.
மிச்சம் ஆறும் வேதவல்லிக்கு.
காரைக்காலில் பாதியில் நின்ற சண்டையை
வீடியோவில் வேகவேகமாக முடிப்பாள்.

இரண்டாம் கோடையில் ஏழு, நாலாகிவிட்டது.
சூடுதான் தின்கிறது, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்,
மூணு மாதத்துக்கொரு தரம் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்
என்றார் கடைக்காரர்.

ஒரு வெள்ளிக்கிழமை
சீட்டுப்பணத் தகராறு உச்சத்தில் இருந்தபோது
சொல்லாமல் பிடுங்கினேன்.
பீப்.
அவள் சட்டென்று நிறுத்தி,
"சரி அதை விடுங்க. சாப்டீங்களா?" என்றாள்.

வயிறு வீங்கிய பேட்டரியைக் கடையில் கொடுத்து
புதிது மாட்டினேன்.
அதன் நெற்றியில் மார்க்கரால் தேதி.
அறைத்தோழர் தாவூது இஸ்திரிப்பெட்டியோடு வந்தால்
காலை நீட்டி மறித்துக்கொள்கிறேன்.

இப்போது பதினொரு நிமிடம் நிற்கிறது.
அவளிடம்
நாலு என்றே வைத்திருக்கிறேன்.