பாண்டு தானாக நிரம்புகிறது

பாரிமுனைக்குப் பின்னால்
பழைய மருந்துக் கிடங்கு ஒன்றின் மாடியில்
எங்கள் பயிற்சிக்கூடம்.
எட்டு ஹெட்செட், இரண்டு மின்விசிறி,
தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய எட்டுச் சதுரம்.
இல்லாத கூரையிலிருந்து
யாரும் இடறி விழுந்துவிடக் கூடாதல்லவா.

மெட்ராஸ் டெரஸ் போடக் கற்றுத்தரும் செயலி.
தேக்கு உத்தரங்கள், அவற்றின்மேல்
மூலைவாட்டில் நெட்டுக்குத்தாய் அச்சுக்கல் வரிசை.
மூன்று கொத்தனார்களின் மணிக்கட்டில்
சென்சார் கட்டி அளந்தெடுத்தோம்.
சுண்ணாம்பின் வெண்மைக்கே
ஒன்பது நாள் செலவழித்தேன் நான்.
கடுக்காய்த் தண்ணீர் சேர்ந்தால் அது வெண்மையே அல்ல என்று
எட்டாம் நாள்தான் தெரிந்தது.

அஞ்சலாட்சி பயிற்சிக்கு வரவில்லை.
கீழ்த்தளத்தில் நடக்கும் பழுதுவேலையில் சித்தாள்.
கேனில் தண்ணீர் பிடிக்க மேலே வந்தவள்
நாங்கள் காற்றில் கல் வைப்பதைப் பார்த்து
வாய்பொத்திச் சிரித்தாள்.
"நானும் ஒருவாட்டி மாட்டிப் பாக்கவா?"

பட்டையை இறுக்கினேன்.
சும்மாடு உட்கார்ந்து உட்கார்ந்து முடி தேய்ந்த வட்டத்தில்
கச்சிதமாகப் பொருந்தியது.
"இவ்ளோதானா வெயிட்டு?"
இருபது வருடம் சுமந்த கழுத்து
ஐந்நூறு கிராமை நம்பவில்லை.

கரண்டியை எடுங்கள், என்றது குரல்.
அவள் எடுக்கவில்லை.
மறுபடி சொன்னது.
ஹெட்செட்டோடு கதவுப் பக்கம் திரும்பினாள்,
ஏகாம்பரம் கொத்தனார் நிற்கிறாரா என்று.
அங்கே அவளுக்குத் தெரிந்ததோ
நான் வரைந்த வானம்.

பிறகு எடுத்தாள்.

சாந்து தடவி, பக்கத்துக் கல்லோடு அமுக்கி,
பிடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாது.
பதினொரு விநாடி என்கிறது செயலி,
மூன்று மணிக்கட்டுகளின் சராசரி.
அவள் கை எடுத்ததும் பதினொன்றில்.
இரண்டாவது கல்லிலும். மூன்றாவதிலும்.

எப்படிக்கா?

"கொத்தனாரு கல்ல வுடுறப்ப
நான் எறங்கி நாலாவது படியில இருப்பேன்.
நாலாவது படி வந்துச்சு, வுட்டுட்டேன்."

பன்னிரண்டு கல். எல்லாம் பச்சை விளக்கு.
பதிமூன்றாவதை அமுக்கிப் பிடித்தபடியே
அந்தரத்தில் நின்றது கரண்டி.
குனிந்து பாண்டைப் பார்த்தாள்.
வழித்தாள், நிரம்பியது.
அடிவரை வழித்தாள், நிரம்பியது.
உத்தரத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தாள்.
ஏணி இருந்தது, அழகுக்காக வைத்தது.
ஏணியில் யாருமில்லை.

"யாரு கொண்டாந்து வெக்கிறது இத?"

யாருமில்லக்கா, தானா வரும்.

"தானாவா," என்றாள்,
விலை கேட்டுவிட்டு நகர்கிறவள் குரலில்.
ஹெட்செட்டைக் கழற்றி, உள்ளே படிந்த வியர்வையை
முந்தானையால் துடைத்துத் தந்தாள்.
கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள்.
இருபத்து மூன்று படி.
மூன்று வருடமாக ஏறி இறங்குகிறேன்,
எண்ணியது அன்றுதான்.

இரவு பிழைப் பட்டியலில் எழுதினேன்:
எண் 212. பாண்டு தானாக நிரம்புகிறது.
காலையில் பிரிட்டோவின் பதில்:
பிழை அல்ல, அப்படித்தான் வடிவமைத்தோம். மூடப்பட்டது.
திறந்தேன். மூடினான். திறந்தேன்.
அவனே மேசைக்கு வந்துவிட்டான்.
ஏணியில் ஒருத்தியை ஏற்ற எத்தனை நாள் ஆகும் தெரியுமா,
முகம், நடை, புடவை மடிப்பு,
பாண்டுக்குள் தளும்பும் சாந்து,
நிதி மார்ச்சோடு முடிகிறது.
அவன் சொன்னதில் பொய்யில்லை.
புடவை மடிப்பு நிஜமாகவே கடினம்.

கீழே சம்பளப் பதிவேட்டில்
கொத்தனார் ஆயிரத்து இருநூறு,
சித்தாள் அறுநூற்றைம்பது.
மேலே செயலியின் சேமிப்பில்
பழுதில்லாத பன்னிரண்டு கல்,
பெயர்: விருந்தினர் 4.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில்
கேன் இல்லாமல் வந்து நின்றாள்.
கையில் இன்னும் ஈரம்.
"அந்தப் பதிமூணாவது கல்ல
பாதியில வுட்டுட்டுப் பூட்டேன்.
வுழுந்துடுச்சா?"

விழலக்கா.
இதுல எதுவும் விழாது.

"வுழணுமே," என்றாள்,
ஹெட்செட்டுக்குக் கை நீட்டியபடி.