மாத்திரைக்கு மூன்று பங்கு

ஆட்டத்துக்கு முன் பனித்தளத்தில் தண்ணீர் தூவுவது என் வேலை.
முதுகில் தொட்டி, கையில் பூவாளி மூக்கு,
பின்னோக்கி நடந்துகொண்டே தூவ வேண்டும்.
விழுந்த துளி விழுந்த இடத்திலேயே உறைந்து
கடுகு கொட்டினாற்போல் கிடக்கும்.
அதன்மேல்தான் கல் ஓடும்.

தண்டர் பே. ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கர்லிங் கிளப்பின் மாடியில்
டல்சி கோவல்சுக், கார்ட் மெக்காஸ்கில்,
ரெய்யோ லாஹ்தினென் என்கிற நான்.
மூவருக்கும் ஒரே நோய்:
டெல்வாரா ஃபார்மா.

கார்ட்தான் முதலில் கொண்டுவந்தான், சளியைக் கொண்டுவருவதுபோல.
நாற்பத்தொரு டாலருக்கு வாங்கியிருந்தான்,
தானியக் கிடங்கில் முப்பது வருடம் தும்மிச் சேர்த்த பணத்தில்.
இருபத்தாறுக்கு வந்தபோது
"இன்னும் வாங்கு, சராசரி குறையும்" என்றான்.
பதினொன்றில்
"அடி தட்டிவிட்டது" என்றான்.
அடிக்கு அடியில் ஒரு நிலவறை இருந்தது.
அதற்கும் படிக்கட்டு வைத்திருந்தார்கள்.

கம்பெனிக்கு மூவாயிரம் கோடி டாலர் கடன்.
டல்சி ஒருநாள் காகிதக் கைக்குட்டையில் எழுதிப் பார்த்தாள்.
பூஜ்யங்கள் ஓரம் தாண்டி மேசையில் ஏறின.
"இவ்வளவு கொடுத்தவன் மூழ்க விடுவானா?" என்றான் கார்ட்.
எனக்கு அது ஞானமாகப் பட்டது.
வீட்டுக்குப் போய் இன்னும் ஐம்பது வாங்கினேன்.

பிறகு அந்த வசந்தம்.
இதயத் துடிப்புக்கான பழைய மாத்திரை ஒன்றின் விலையை
எல்லைக்குத் தெற்கே ஒரே இரவில்
ஆறு மடங்காக்கினார்கள்.
காலையில் பங்கு நான்கு டாலர் எகிறியது.
கார்ட் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான்.
டல்சி கைதட்டினாள். நானும்.
நன்றாக நினைவிருக்கிறது,
கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினேன்,
சத்தம் வரட்டும் என்று.

டலூத்தில் டல்சியின் அக்கா இருக்கிறாள், நோரீன்.
அதே ஏரியின் கரைதான், நான்கு மணி நேர ஓட்டம்.
டிசம்பரில் டல்சி போயிருந்தபோது
சமையலறையில் சீஸ் கத்தியை வைத்து
மாத்திரையை நான்காக வெட்டிக்கொண்டிருந்தாளாம்.
சிதறிய தூளை ஈர விரலால் ஒற்றி
அதையும் நாக்கில் வைத்துக்கொண்டாளாம்.
மாத்திரை மேலிருந்த நாரை முத்திரைக்குக்
கழுத்து ஒரு துண்டில், கால் ஒரு துண்டில்.

இதை டல்சி எங்களிடம் சொன்னது பிப்ரவரியில்தான்.
அதற்குள் பங்கு ஒன்று எழுபது.
கல்லின் அடியைத் துடைத்தபடி, யார் முகத்தையும் பாராமல்,
"அவளுடைய மாத்திரை ஒன்று ஐந்து டாலர் பத்து.
மூன்று பங்கு போட்டால் ஒன்று வரும்" என்றாள்.

கார்ட் "திங்கட்கிழமை..." என்று தொடங்கினான்.
பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

விட்ட கல்லை யாரும் தொடக்கூடாது, அது விதி.
முன்னால் ஓடி ஓடிப் பனியைத் தேய்க்கலாம்,
தொண்டை கிழியக் கத்தலாம்.
தேய்த்தால் இன்னும் நாலடி போகும்.
அவ்வளவுதான்.
இத்தனை வருடமாக நாங்கள் வேறென்ன செய்தோம்?

டல்சி மறுநாள் விற்றாள், அறுநூறையும்.
இருநூறு மாத்திரை.
கமிஷன் போக நூற்றுத் தொண்ணூற்றெட்டு,
நோரீன் முழுசாக விழுங்கினால்.

அவள் விற்க வேண்டுமானால்
வாங்க ஒருவன் இருந்தாக வேண்டும்.
எங்கோ ஓர் ஊரில், குளிரில்,
அடி தட்டிவிட்டது என்று
தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற ஒருவன்.

அன்று காலை நூறு வாங்கினேன்,
ஒன்று எழுபதுக்கு.
டல்சியிடம் சொல்லவில்லை.
மாலையில் தொட்டியை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு
தளத்தின் அந்தக் கோடியிலிருந்து
பின்னோக்கி நடக்க ஆரம்பித்தேன்.