இடது கால்

பனிக்கட்டித் திட்டின்மேல்
ஒற்றைக்காலில் நிற்கிறது அது
காலை எட்டேகாலிலிருந்து.

வலது கால் தெரிகிறது: சாம்பல் நிறம், வெறுங்கால்.
இடது கால் அடிவயிற்று இறகுக்குள்.
அதில் ஒரு வளையம் இருந்தால்
பண்ணையிலிருந்து தப்பிவந்த வளர்ப்புப் பறவை.
இல்லையென்றால்
சைபீரியாவிலிருந்து திசை பிசகி வந்த விருந்தாளி.

மறைகுடிலில் பதினோரு பேர்.
பலகைப் பிளவுகளில் பதினோரு குழல்கள்.
ஃப்ரீஸ்லாந்துக் காற்று
முழங்கால்களை மட்டும் தேடி வந்து கடிக்கிறது.
ஷௌக்யே பட்டாணி சூப் கொண்டுவந்திருக்கிறாள்,
கரண்டியை நட்டால் நிற்கும் கெட்டி.
ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கைமாற்றிக் குடிக்கிறோம்
கண்ணை எடுக்காமல்.

சதுப்பு நிறைய நாமத்தலை வாத்துகள்.
ஆயிரம் இருக்கும். விசிலடித்துக்கொண்டே
புல் மேய்கின்றன.
அவற்றின் கால்களை யாரும் பார்ப்பதில்லை.

ஹெஸ்ஸல்
முப்பத்தொரு வருடம் விமான நிலையத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
கடவுச்சீட்டுகளைப் புரட்டியவர்.
"பைக்கால் கிளுவை" என்று சொல்லும்போது மட்டும்
குரல் தணிகிறது அவருக்கு.
"எங்கிருந்து வந்தாலும்
பறந்துதானே வந்தது" என்கிறார்
யாரும் கேட்காமலே.

வீபே பதில் சொல்லவில்லை.
அவன் பட்டியலில்
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பறவைகள்.

பன்னிரண்டரைக்கு
சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ வந்தது.
ஆயிரம் நாமங்களும்
உதறிய ஜமுக்காளமாய் எழுந்தன.
அதுவும் கழுத்தை நீட்டியது.
காலை இறக்கியது.

பதினோரு மூச்சும் நின்றன.

சேறு.
விடியுமுன் எந்த வாய்க்காலில் நின்றதோ,
விரலிலிருந்து முட்டிவரை
காலுறை மாட்டியதுபோல்
கறுப்பாய், கனமாய்
எங்கள் ஊர்ச் சேறு.

வீபே ஒரு கெட்ட வார்த்தையைப்
பாதியில் விழுங்கினான்.
ஹெஸ்ஸலின் தோள்கள் குலுங்கின,
குளிரோ சிரிப்போ.
ஷௌக்யே மூடியைத் திருகினாள்.

எழுந்த கூட்டம் திரும்பி இறங்கியபோது
கிளுவையும் நடுவே இறங்கியது.
பச்சையும் மஞ்சளும் வெட்டி ஒட்டிய முகத்தை
ஒருமுறை இந்தப் பக்கம் திருப்பிவிட்டுப்
புல்லைக் கொத்தத் தொடங்கியது
மற்றவைபோல.

நோட்டில் தேதி எழுதினேன்.
காற்றின் திசை எழுதினேன்.
எண்ணிக்கை: ஒன்று.
'பூர்வீகம்' என்ற கட்டத்துக்கு வருகையில்
பேனா உறைந்துவிட்டிருந்தது.

வாயருகே வைத்து ஊதினேன்.
ரொம்பவும் ஊதவில்லை.